பட்டாளம் மாற்றிய டயலும் பஜாரில் எழுதிய டயலும்

பழைய ராணுவக் கைக்கடிகாரங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்து முடித்ததும், இது பகடியாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. இல்லை, மனிதர் நிஜமாகத்தான் சொல்கிறார். அவர் வாதம் சுருக்கமாக இது: பிரிட்டிஷ் ராணுவமே தன் கடிகாரங்களின் டயலை மாற்றியிருக்கிறது, முள்ளை மாற்றியிருக்கிறது, ஒன்றின் பின்மூடியை எடுத்து இன்னொன்றுக்குப் போட்டிருக்கிறது. ஆகவே ‘ஒரிஜினல்’ என்று ஒரு சமாசாரமே கிடையாது. ஆகவே நாமும் மங்கிய டயலைப் புதிதாக எழுதிக்கொள்ளலாம், கேஸைப் பாலிஷ் போடலாம், கறுத்துப்போன ஒளிப்பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிது வைக்கலாம். ஓடுகிறதா, பளிச்சென்று இருக்கிறதா, அதைப் பார்த்தால் போதும். மற்றதெல்லாம் சேகரிப்பாளர்களின் ஜம்பம், ஏலக் கம்பெனிகளின் வியாபாரத் தந்திரம்.

இதில் முதல் வாக்கியம் உண்மை. பின்னால் வருகிற இரண்டு ‘ஆகவே’க்கும் அந்த வாக்கியத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

உண்மையான அந்த ஒரு வாக்கியத்தையும் அவர் அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அவர் கட்சிக்கு அது பலம் சேர்க்கும், பரவாயில்லை.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போது பிரிட்டிஷ் ராணுவம் ஒரு கைக்கடிகாரத்துக்கு விதிமுறை எழுதியது. கறுப்பு டயல், ஆறு மணி இடத்தில் தனியாகச் சின்ன வினாடி முள், இருட்டில் ஒளிரும் குறிகள், நீர் புகாத கேஸ். அரசாங்கக் காகிதத்தில் அதன் பெயர் ‘வாட்சஸ், ரிஸ்ட், வாட்டர்ப்ரூஃப்’. பின்மூடியில் மூன்று டபிள்யூ எழுத்துகள், பக்கத்தில் அரசாங்க உடைமை என்று காட்டும் அம்பு முத்திரை. 12 கம்பெனிகள் செய்து கொடுத்தன: பூரன், சைமா, எடர்னா, கிரானா, ஐ.டபிள்யூ.சி., ஜேகர்-லெகூல்ட்ர், லெமானியா, லாஞ்ஜின்ஸ், ஒமேகா, ரெக்கார்ட், டிமோர், வெர்டெக்ஸ். பெரும்பகுதி 1945-ல்தான் வந்து சேர்ந்தது. போர் அதற்குள் முடிந்தே போனது. 1967-ல் வந்த போர்ப்படத்தின் பெயரை வைத்துச் சேகரிப்பாளர்கள் இந்தப் பன்னிரண்டையும் ‘டர்ட்டி டஜன்’ என்பார்கள்.

பழுதானால் இவை கம்பெனிக்குத் திரும்பிப் போகவில்லை. 1942-ல் தொடங்கிய ‘ரீமி’ என்ற ராணுவப் பொறியாளர் பிரிவின் பட்டறைக்குப் போயின. அங்கே ஒரே மேஜையில் பல கடிகாரங்கள் ஒன்றாகப் பிரிந்து கிடக்கும். எந்த மூடி எந்தக் கேஸினுடையது என்று ஜோடி பார்த்துக்கொண்டிருக்க மெக்கானிக்குக்கு என்ன தலையெழுத்து? சரியாக உட்கார்ந்தால் திருகிவிட்டு அடுத்ததை எடுப்பார். அதனால் கேஸில் ஓர் எண், மூடியில் அதே கம்பெனியின் வேறொரு கடிகாரத்து எண் என்று இருப்பது சகஜம்.

விமானப் படை இன்னும் ஒரு படி மேலே போனது. 1953-ல் அது ஒமேகாவிடம் வாங்கிய 37 மில்லிமீட்டர் கடிகாரத்தின் பின்மூடியில் 6பி/542 என்று இருக்கும். உள்ளே 283-ஆம் எண் எந்திரம். காந்தத்திலிருந்து காக்க அதைச் சுற்றி மெல்லிரும்பில் ஓர் உள்கூடு. அந்த டயல்களில் ஒளிப்பூச்சு ரேடியம். 1960-களில் ரேடியம் வேண்டாம், டிரிட்டியம் போதும் என்று முடிவாகி, டயல்களை மறுபடி அச்சடித்தார்கள். பழைய டயலில் அம்பு மெலிசாக இருக்கும். மறுபடி அச்சடித்ததில் அம்பு தடியாக இருக்கும், கூடவே வட்டத்துக்குள் ‘டி’ என்ற எழுத்து. ஐ.டபிள்யூ.சி.யும் ஜேகர்-லெகூல்ட்ரும் செய்த மார்க் 11 கடிகாரங்களுக்கும் இதே சடங்கு நடந்தது.

ஆக, பட்டாளம் மாற்றியது, தாராளமாகவே மாற்றியது. ஒப்புக்கொண்டாயிற்று.

இப்போது அந்த வட்டத்துக்குள் இருக்கும் ‘டி’யைக் கொஞ்சம் பாருங்கள். அது எதற்கு? ‘இந்த டயலில் இருப்பது டிரிட்டியம்’ என்று அடுத்துத் திறக்கப்போகும் மெக்கானிக்குக்குச் சொல்வதற்கு. மாற்றியவன் மாற்றியதை டயலின் முகத்திலேயே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். நம் கட்டுரையாளர் கண்ணில் படாமல் போனது இந்த ஓர் எழுத்துதான். பாவம், அவர் வாதம் முழுக்க அதன் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

திருக்கோடிக்காவல் கோயிலை 10-ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி கற்றளியாக எடுத்துக் கட்டியபோது, பழைய கட்டடத்தில் இருந்த கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் படியெடுத்து வெட்டவைத்தாள். வெட்டியதோடு விடாமல், இது பழைய கல்லின் படி என்ற குறிப்பையும் சேர்த்தே வெட்டவைத்தாள். நம் காலத்தில் திருப்பணி என்ற பெயரில் எத்தனையோ கோயில் சுவர்களில் மணலைப் பீய்ச்சி அடித்து எழுத்தை மழித்தார்கள். அவளும் பழையதை மாற்றினாள், இவர்களும் மாற்றினார்கள், எல்லாம் ஒன்றுதானே என்று யாராவது சொன்னால் கல்வெட்டுத் துறைக்காரர்கள் என்ன பதில் சொல்வார்களோ, அதே பதில்தான் நம் கட்டுரையாளருக்கும்.

பின்மூடியைப் பாலிஷ் போடச் சொல்கிறாரே, அந்த மூடியில் என்னவெல்லாம் இருக்கக்கூடும் என்று ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். போர் முடிந்த பின் இந்த மூன்று டபிள்யூ கடிகாரங்களில் ஒரு பகுதி டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியப் படைக்குப் போனது. அவர்கள் ‘கே.என்.ஐ.எல்.’ என்று தங்கள் அடையாளத்தைச் சேர்த்துப் பொறித்தார்கள். 1950-ல் அந்தப் படை கலைக்கப்பட்டது. கடிகாரங்களில் சில சுதந்திர இந்தோனேசியாவின் தரைப்படைக்குப் போய், ‘ஏ.டி.ஆர்.ஐ.’ என்ற புது எழுத்துகளை வாங்கிக்கொண்டன. பிரிட்டிஷ் அரசு, டச்சுக் காலனிப் படை, அதை விரட்டிய குடியரசு, மூன்றும் ஒரே எஃகு மூடியில். இந்த எழுத்துகள் ஆழமாக வெட்டியவை அல்ல. பஃப் சக்கரத்தில் ஒரு தடவை வைத்து எடுத்தால் ஓரம் மழுங்கும். இன்னொரு தடவை வைத்தால் எண்ணே மங்கிவிடும். அப்புறம் அது பளபளவென்று இருக்கும். எவர்சில்வர் டம்ளரும்தான் பளபளவென்று இருக்கிறது.

ராணுவக் கடிகாரங்கள் பலவற்றுக்குக் கேஸை மேட்டாக, பளபளப்பில்லாமல் விட்டதற்கே காரணம் உண்டு. வெயில் பட்டு மின்னினால் எதிரிக்கு ஆள் இருக்கும் இடம் தெரிந்துவிடும். மின்னக்கூடாது என்று செய்த பொருளை மின்னவைத்து, அதற்கு ‘நல்ல கண்டிஷன்’ என்று பெயர் வைப்பது ஒரு தனித் திறமைதான்.

இதுவரை சொன்னது ரசனை பற்றிய சண்டை என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது ரசனை இல்லை. கறுத்த ஒளிப்பூச்சைச் ‘சுரண்டிவிட்டு’ என்று ஒரே வார்த்தையில் தாண்டிப் போகிறாரே, அந்த இடத்தில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். 1945-ல் தீட்டிய ரேடியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு இன்றைக்கும் அந்த டயலில் இருக்கிறது. ஒளி மட்டும்தான் செத்துப்போனது. ரேடியத்தின் அடி வாங்கி வாங்கி, அதோடு கலந்திருந்த துத்தநாக சல்ஃபைடு ஒளிரும் சக்தியை இழந்துவிட்டது. இருட்டில் ஒளிரவில்லை, ஆகவே மருந்து தீர்ந்துவிட்டது என்று நினைப்பவன் ஏமாந்தவன். கண்ணாடி மூடியிருக்கும் வரை பெரிய பயமில்லை. காய்ந்து பொரிந்த பூச்சை ஊசியால் பெயர்த்து, ஊதித் துடைக்கும்போதுதான் ஆபத்து. அந்தத் தூசி மூச்சில் போகும், விரலில் ஒட்டிச் சோற்றோடு போகும். உள்ளே போன ரேடியத்தைக் கால்சியம் என்று நினைத்து உடம்பு எலும்பில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இது நானாகக் கிளப்பும் பீதி இல்லை. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து ஆரஞ்சு நகரத் தொழிற்சாலையில் டயலுக்கு ரேடியம் தீட்டிய பெண்கள், தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கித்தான் வேலை செய்தார்கள். அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பல் விழுந்தது, தாடை எலும்பு அழுகியது, பலர் செத்தார்கள். கிரேஸ் ஃப்ரையரும் இன்னும் நால்வரும் 1927-ல் கம்பெனிமேல் வழக்குப் போட்டார்கள். 1928-ல் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. நூறு வருடம் ஆகப்போகிற செய்தி இது. கட்டுரையாளர் டயலைச் சுரண்டும் வேலையைத் தன் கையால் செய்யப்போவதில்லை. கடைத்தெருவில் தகரப் பெட்டியின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் ரிப்பேர்காரரிடம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வார். அந்த ரிப்பேர்காரருக்கு ரேடியம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மத்தியானம் அதே மேஜையில்தான் அவருடைய சாப்பாட்டுப் பொட்டலமும் பிரியும்.

அந்தப் பூச்சு ஒரு சாட்சியும்கூட. ரேடியத்தின் கதிர் கடிகாரக் கண்ணாடியைத் தாண்டி வெளியே வரும், கைகர் கருவியை வைத்தால் படபடவென்று அடிக்கும். டிரிட்டியத்தின் கதிருக்கு அந்தத் தெம்பு இல்லை, கண்ணாடிக்குள்ளேயே நின்றுவிடும். டயலில் வட்டத்துக்குள் ‘டி’ இருக்கிறது, ஆனால் கருவி அடிக்கிறது என்றால், முள்ளிலோ வேறெங்கோ பழைய ரேடியம் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். புற ஊதா விளக்கு இன்னும் சுலபமான சோதனை. பழைய பூச்சு விளக்கொளியில் கொஞ்சம் எழுந்து, விளக்கை எடுத்ததும் அணைந்துவிடும். விளக்கை எடுத்த பிறகும் பச்சையாக ஒளிர்ந்துகொண்டே இருந்தால் அது அண்மையில் வைத்த பூச்சு. முட்கள் பல வருடம் ஒரே இடத்தில் நின்றுபோயிருந்தால், முள்ளில் இருந்த ரேடியம் அதன் கீழே டயலில் பழுப்பாக ஒரு நிழலைச் சுட்டுவைத்திருக்கும். கட்டுரையாளர் ‘அழுக்கு’ என்று சொல்லித் துடைத்துவிடச் சொன்னவற்றில் அதுவும் ஒன்று. இந்த முள் இந்த டயலின் மேல்தான் வெகுகாலம் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி எதைக் கொண்டுவருவார்?

‘ஓடினால் நல்ல கடிகாரம்’ என்ற அவருடைய அளவுகோலும் சொத்தை. எண்ணெய் காய்ந்துபோன எந்திரமும் ஓடும். ஓடிக்கொண்டே தன் அச்சுமுனைகளைத் தானே தேய்த்துக்கொள்ளும். ஒரு நாளில் எத்தனை வினாடி முந்துகிறது, பிந்துகிறது என்பது பாதிக் கதைதான். பாலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி வீசுகிறது என்று பார்க்க வேண்டும். முழுச் சாவி கொடுத்து, படுக்கவைத்து 270-ஐ ஒட்டி வீசினால் உடம்பு நன்றாக இருக்கிறது. 180-ல் தள்ளாடினால், நேரம் சரியாகக் காட்டினாலும் நோயாளி. மூடியைக் கழற்றி லென்ஸ் வைத்துத் திருகுகளின் தலையைப் பார்த்தால், இதுவரை கைவைத்தவர்களின் லட்சணம் தெரியும். சாவித்தண்டின் பக்கம் துரு இருந்தால் தண்ணீர் போன கதை தெரியும். இந்த வேலை எதையும் செய்யாமல் காதில் வைத்துக் கேட்டு, ‘அருமையாக ஓடுகிறது’ என்று சான்றிதழ் கொடுப்பவர், மற்றவர்கள் மேலோட்டமாகப் பார்க்கிறார்கள் என்று குறை சொல்கிறார்.

கம்பெனியின் ‘அசல் பார்ட்ஸ்’ போட்டால் போதும் என்று வேறு ஒரு வரி எழுதியிருக்கிறார். 1970-களில் ரோலெக்ஸ் பிரிட்டிஷ் கடற்படைக்காகச் செய்த சப்மரீனர்களுக்கு வாள் போன்ற அகன்ற முட்கள், 60 நிமிடத்துக்கும் கோடு போட்ட வளையம், கழற்ற முடியாதபடி பற்றவைத்த ஸ்ட்ராப் பார்கள். மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. படையிலிருந்து வெளியே வந்ததும் சிவிலியன் சொந்தக்காரர்கள் பலர் இவற்றைக் கம்பெனிக்கே சர்வீசுக்கு அனுப்பினார்கள். கம்பெனியும் முறைப்படி பழைய முள்ளை எடுத்துவிட்டு, கடையில் விற்கும் மாடலின் முள்ளையும் வளையத்தையும் போட்டுக் கொடுத்தது. நூற்றுக்கு நூறு அசல் பார்ட்ஸ். கடற்படைக் கடிகாரம் மட்டும் காணாமல் போனது.

ஏலக் கம்பெனிகளைப் பற்றி அவர் சொன்னதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. விலை ஏறிய இடத்தில் கள்ளமும் ஏறும். ராணுவக் கடிகாரம் இல்லையென்றாலும் பக்கத்து வீட்டு உதாரணம் ஒன்று உண்டு. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் நடத்திய ஏலத்தில், பழுப்பேறிய டயல் கொண்ட ஒரு பழைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவின் அருங்காட்சியகமே. 2023-ல் பார்த்தால், அது பல கடிகாரங்களின் உதிரிகளைக் கோத்துச் செய்த கூட்டு. தன் முன்னாள் ஊழியர்களின் கை இதில் இருப்பதாக ஒமேகாவே குற்றம் சாட்டியது. கட்டுரையாளர் இதைக் காட்டி, ‘பார்த்தீர்களா, ஒரிஜினல் என்பதே பம்மாத்து’ என்கிறார். திருட்டு நகை விற்பனைக்கு வருகிறது, ஆகவே ரசீது கேட்பது மூடத்தனம் என்பது போல இருக்கிறது. அந்த மோசடி வெளியே வந்ததே, பாகம் பாகமாக எது எப்போது செய்தது என்று பிடிவாதமாகப் பார்ப்பவர்கள் உலகத்தில் மிச்சம் இருப்பதால்தான். எல்லாம் ஒன்றுதான் என்ற வேதாந்தம் கள்ளம் செய்பவனுக்கு வசதியா, வாங்குகிறவனுக்கு வசதியா?

நம் ஊரில் இந்த வேதாந்தத்துக்குப் பட்டறைகளே இருக்கின்றன. பழைய எச்.எம்.டி., ஃபாவ்ர்-லூபா, வெஸ்ட் எண்ட் கடிகாரங்களுக்கு ரத்தச் சிவப்பிலும் மயில் நீலத்திலும் டயல் எழுதி, கம்பெனி பெயரைக் கொஞ்சம் கோணலாக அச்சடித்து உலகம் முழுக்க அனுப்புகிறோம். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றுக்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்று செல்லப் பெயரே வைத்திருக்கிறார்கள். வெறும் சிவிலியன் கடிகாரத்தில் அம்பு முத்திரை வரைந்து ராணுவக் கடிகாரமாக்கி விற்பதும் இதன் கிளைத் தொழில். பிழைப்புக்காக டயல் எழுதுகிறவரை நான் குறை சொல்லவில்லை. அதற்குத் தத்துவம் எழுதிக் கொடுப்பவரைத்தான் சொல்கிறேன்.

தன் கடிகாரத்தின் டயலைத் தன் ஆசைக்குப் புதிதாக எழுதிக் கட்டிக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? விற்கும்போது ‘டயல் புதிதாக எழுதியது, கேஸ் பாலிஷ் போட்டது’ என்று சொல்லிவிட்டால் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. ஆனால் கட்டுரை அதைச் செய்யச் சொல்லவில்லை. ஒரிஜினல் என்று ஒன்று இல்லாததால், சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை என்கிறது.

கடைசியாக, கட்டுரையோடு வந்த புகைப்படம். தன் கட்சிக்கு அத்தாட்சியாக, தான் புதுப்பிக்கக் கொடுத்து வாங்கிய, 1953-ஆம் வருட விமானப் படை ஒமேகாவைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். லென்ஸை வைத்துப் பார்த்தேன். எண்களின் ஓரம் பிசிறடிக்கிறது, நிமிடக் கோடுகளில் சில முட்டிக்கொண்டு நிற்கின்றன, அதை விடுங்கள். டயலில் இருப்பது மெல்லிய அம்பு. அதே டயலில் வட்டத்துக்குள் ‘டி’யும் இருக்கிறது. மெல்லிய அம்பு ரேடியம் காலத்தது. ‘டி’ அதற்குப் பின்னால் தடித்த அம்போடு சேர்ந்து வந்தது. டயல் எழுதியவர் இரண்டு கடிகாரங்களின் படத்தைப் பார்த்து, இரண்டிலும் கண்ணுக்குப் பிடித்ததை எடுத்துச் சேர்த்திருக்கிறார்.

சரி, ஒரிஜினல் என்பது வெறும் ஜம்பம்தானே? பின்னே அந்தப் புது டயலில் எதற்கு அம்பு? ஒரு தாமரைப்பூ வரையச் சொல்லியிருக்கலாம், தன் பெயரின் முதலெழுத்தைப் போடச் சொல்லியிருக்கலாம். அரசாங்க அம்புதான் வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார். அதிலும் சந்தையில் தடித்த அம்பைவிட மெல்லிய அம்புக்குத்தான் விலை அதிகம் என்பது, சேகரிப்பாளர்களின் ஜம்பத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதை அடுத்த கட்டுரையில் எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன்.